இரண்டு வாரப் போதனை



பிறநாடு சென்று அங்குள்ள கிறிஸ்தவ போதகர்களுக்குச் சில நாட் பயிற்சியளித்துத் திரும்பும் வழக்கம் இக்காலத்திற் பெரிதும் பெருகியிருக்கிறது. விமானமேறிச் சென்று, பத்து நாள் கற்பித்து, சான்றிதழ் வழங்கிப் படமும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். வந்தவர் போனபின் அங்கே எஞ்சுவது யாது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் 1890 ஆம் ஆண்டிற் கொரியாவில் நிகழ்ந்ததொன்றை அறிதல் நன்று.

ஜோன் நீவியஸ் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1854 இற் சீனா சென்றவர். சாந்துங் மாகாணத்தில் நெடுங்காலம் உழைத்தவர். மேனாட்டுப் பழமரக் கன்றுகளை வருவித்து அங்கே பரப்பியவரும் இவரே. இவருடைய போதனையை மறந்தவர்களும் அப்பிளை மறந்திரார். கொரியாவிற் புதிதாகப் பணி தொடங்கியிருந்த இளம் மிஷனரிமார் 1890 இல் இவரைச் சோல் நகருக்கு அழைத்தனர். அவர் தங்கியது இரண்டே வாரம்.

அவர் கூறியது மிக எளியது. மிஷன் பணத்தில் வாழும் ஊழியர் கூட்டமொன்றை உண்டாக்கலாகாது. உழவன் உழவனாகவும் வணிகன் வணிகனாகவும் இருந்துகொண்டே அயலாருக்குப் போதிக்கட்டும். ஆலயத்தை ஊரவர் தம் பொருளைக் கொண்டு, தம் நாட்டு முறைப்படி கட்டட்டும். போதகர் வேண்டுமாயின் அவரைத் தாங்குஞ் செலவைச் சபையாரே ஏற்கட்டும். வேதாகமக் கல்வி மாத்திரம் எல்லோருக்கும் ஒழுங்காக நடைபெற வேண்டும். இவ்வளவையும் சொல்லி நீவியஸ் விடைபெற்றார். 1893 இல் இறந்தார். சீனாவிலிருந்த அவருடைய சகாக்கள் யாவரும் இம்முறையை ஒப்பவில்லை. கொரியாவிலோ அது வேரூன்றிற்று.

அறுவடை ஓய்ந்த பனிக்காலத்தில் அங்கே வேதாகம வகுப்புகள் கூடின. உழவர் தமக்குரிய அரிசியைத் தாமே சுமந்து, நாட்கணக்காக நடந்து வந்தனர். 1901 இற் பியொங்யாங் நகரில் ஒரு குருத்துவக் கல்லூரி தொடங்கியபோதும் அம்முறை கைவிடப்படவில்லை. பாடத்திட்டம் ஐந்தாண்டு; ஆண்டுதோறும் மூன்று மாதமே வகுப்பு; எஞ்சிய காலமெல்லாம் மாணவர் தத்தம் சபைகளிலேயே பணி புரிந்தனர். பாடசாலை அதிபனாகிய எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் உவப்பானது வகுப்பில்லாத அந்த ஒன்பது மாதந்தான். படித்தது பயன்படுமோ என்று அறிய அதனினும் கடிய பரீட்சை எது?

நமது யாழ்ப்பாணத்துக்கும் இத்தகைய விருந்தினர் ஒருவர் வந்ததுண்டு. அமெரிக்க மிஷன் சங்கச் செயலாளரான றூபஸ் அண்டர்சன் 1855 இல் வந்தார். சுதேச சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவ வேண்டுமென்பது அவர் கொள்கை. போதகரைத் தாய்மொழியிலேயே பயிற்றுவித்தல் போதுமெனக் கருதினார். 1823 இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் கற்ற கழகம் அது! அண்டர்சனின் கொள்கையிற் குற்றங் காண்பது அரிது. நீவியசின் கொள்கைக்கு அதுவே மூத்தது. ஆயின் அண்டர்சன் தலைமைப் பீடத்தின் அதிகாரத்தோடு வந்தவர். நீவியசுக்குச் சோலில் எவ்வித அதிகாரமும் இல்லை. தாம் செய்து பார்த்ததைச் சொன்னார். கொள்வதுந் தள்ளுவதும் கேட்டோர் பொறுப்பாயிற்று. இவ்வேறுபாடு சிறிதன்று என்பது என் அபிப்பிராயம்.

1907 இல், பியொங்யாங் கல்லூரியிற் கற்றுத் தேறிய எழுவர் குருமாராக அபிடேகம் பெற்றனர். அவருள் யி கி-புங் என்பவரைக் கொரியச் சபையாரே தெற்கிலுள்ள ஜேஜு தீவுக்கு ஊழியராக அனுப்பினர். இளமையில் மிஷனரி ஒருவர்மீது கல்லெறிந்தவர் இவர் என்று சொல்வர்.

1912 இற் கூடிய அச்சபையின் முதற் பொதுப் பேரவை சீனாவுக்கு ஊழியரை அனுப்பத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டிற் கொரியக் குருமார் மூவர் அங்கு சென்றனர். அவர்கள் சென்று பணி தொடங்கிய இடம் சாந்துங் மாகாணம்.