அறுபதிலும் ஒற்றை நாற்று



இன்று வயதில் மூத்த விவசாயிகளோடு கொஞ்சம் பேச ஆசை. "நாப்பது வருஷமா சேத்துல நிக்கிறேன். எனக்கா நடவு சொல்லித் தர்றீங்க?" என்று நீங்கள் கேட்பது நியாயந்தான். ஆனால் 1966-இல் ஐ.ஆர்.8 வந்தபோது, நெட்டை நெல்லையே அறிந்த உங்கள் அப்பா காலத்து ஆட்களும் குட்டை நெல்லுக்குப் பழகிக்கொண்டார்கள் அல்லவா?

திருந்திய நெல் சாகுபடியில் பழைய பழக்கம் மூன்றை விட வேண்டும். முற்றிய நாற்று வேண்டாம். 14 நாள் நாற்று போதும். கொத்தாக நட வேண்டாம். 25 சென்டிமீட்டருக்கு ஒற்றை நாற்று. எந்நேரமும் தண்ணீர் கட்ட வேண்டாம். மயிரிழை வெடிப்பு கண்டதும் பாய்ச்சுங்கள். வேருக்கும் காற்று வேண்டும், ஐயா. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும்.

நட்ட புதிதில் வயல் வெறிச்சென்று கிடக்கும். அங்கேதான் பெரியவங்க மனசு தளரும். பொறுங்கள், இடம் கிடைத்த பயிர் தூர் கட்டும்.

எல்லாவற்றையும் மறக்கச் சொல்லவில்லை. சின்ன நாற்று மூழ்காமலிருக்க நிலம் மட்டமாக இருக்க வேண்டும். அதற்குப் பரம்படித்துப் பழகிய உங்கள் கண்தான் வேண்டும். தக்கைப்பூண்டை மடக்கி உழுவதையும் விடாதீர்கள்.

முதலில் 10 சென்டில் மட்டும் செய்யுங்கள். பக்கத்து 10 சென்டில் உங்கள் முறை. விதை ரகமும் உரமும் ஒன்றாகவே இருக்கட்டும். அறுத்ததும் இரண்டையும் எடை போடுங்கள். எத்தனை தண்ணீர் கட்டினீர்கள் என்றும் கணக்குப் பாருங்கள்.

மகன் சொன்னான் என்று தள்ளவும் வேண்டாம். வானொலியில் சொன்னார்கள் என்று அப்படியே நம்பவும் வேண்டாம். வயல் சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம்.