அசையும் காட்சியும் கணினியின் ஒளிக்கதிரும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி, உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கணினிப் படங்களில் தோன்றும் இரைச்சல். காதுக்குக் கேட்கும் இரைச்சலை நாம் சொல்லவில்லை. மணல் தூவியதுபோலப் படம் முழுவதும் மினுங்கும் புள்ளிகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. அவற்றை எப்படி நீக்குகிறார்கள், நீக்கும்போது எதை இழக்கக்கூடும் என்பதே எமது பொருள். இதற்கு வேண்டிய அடிப்படைகள் பல உங்கள் இணைந்த கணிதப் புத்தகத்திலேயே இருப்பதால் மாணவிகள் அஞ்ச வேண்டியதில்லை.

விளக்கிலிருந்து புறப்படும் ஒளி பொருள்களில் பட்டுத் தெறித்துக் கண்ணை வந்தடைகிறது. கணினி இதைத் தலைகீழாகச் செய்கிறது. திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரைக் காட்சிக்குள் அனுப்பி, அது எங்கே படுகிறது, அங்கிருந்து எங்கே தெறிக்கிறது என்று ஒளிமூலம் வரை பின்தொடர்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டேர்னர் விற்றட், 1980 இல் வெளியிட்ட கட்டுரையில் தெறிப்பையும் முறிவையும் நிழலையும் இவ்வாறு கணித்துக் காட்டினார். கோளங்களும் கட்டம் போட்ட தரையும் கொண்ட அவருடைய படத்தைக் கணிக்க அந்நாளைய கணினிக்கு 74 நிமிடங்கள் தேவைப்பட்டன.

விற்றட்டின் முறையில் நிழல்களின் விளிம்பு கூர்மையாக இருந்தது. உண்மையில் ஒரு சுவரின்மீது ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து விழுகிறது. 1986 இல் ஜேம்ஸ் கஜியா இதனை ஒரு தொகையீட்டுச் சமன்பாடாக எழுதினார். எல்லாத் திசைகளையும் கணிக்க இயலாது. ஆகவே எழுமாறாகச் சில திசைகளைத் தெரிந்து சராசரி எடுக்கிறோம். இரைச்சல் பிறப்பது இங்கேதான். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளில் ஒன்றின் கதிர் யன்னலைச் சென்றடையும், மற்றதன் கதிர் இருண்ட மூலைக்குப் போய்விடும். ஒன்று பிரகாசமாகவும் மற்றது கறுப்பாகவும் தெரியும்.

கதிர்களைக் கூட்டினால் இரைச்சல் குறையும். ஆனால் அது கதிர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும், பத்திலொன்றாக்க நூறு மடங்கு வேண்டும். திரைப்படம் எடுப்பவர்கள் ஒரு படச்சட்டத்துக்காக மணித்தியாலக் கணக்கில் காத்திருக்கலாம். கணினி விளையாட்டில் செக்கனுக்கு 60 படங்கள் வேண்டும், அதாவது ஒரு படத்துக்கு 16.7 மில்லி செக்கன். சாதாரண உயர்தெளிவுத் திரையில் 1920 × 1080, அதாவது 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. இந்த அவகாசத்தில் ஒரு புள்ளிக்கு ஓரிரு கதிர்ப்பாதைகளுக்கு மேல் கட்டுப்படியாகாது.

அந்த ஒரு கதிரை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? கிறிஸ்டோப் ஷீட்டும் அவருடைய சகாக்களும் 2017 இல் வெளியிட்ட எஸ்.வி.ஜி.எப். என்னும் முறை இதற்கு நல்ல உதாரணம். அது இரண்டு இடங்களில் உதவி தேடுகிறது.

முதலாவது உதவி அயற்புள்ளிகள். எமது பிரார்த்தனை மண்டபத்தைக் கணினியில் அமைத்ததாக வைத்துக்கொள்வோம். தரையின் ஒரு புள்ளியில் விழும் ஒளி, பக்கத்துப் புள்ளியில் விழும் ஒளியிலிருந்து பெரிதும் வேறுபடாது. ஆகவே இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்கலாம். ஆனால் தரையையும் தூணையும் சேர்த்துக் கலக்கக் கூடாது. இதற்காக ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் அதன் மேற்பரப்பின் செவ்வன் திசையையும் ஒப்பிட்டு, ஒரே மேற்பரப்பைச் சேர்ந்தவற்றையே கலக்கிறார்கள். தரைக் கல்லின் கோலம் அழியாமலிருக்க நிறத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ஒளியை மட்டும் வடிகட்டிப் பின்னர் நிறத்தால் பெருக்குகிறார்கள். எங்கே எவ்வளவு கலப்பது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் புள்ளிவிபரவியலில் படிக்கும் மாறற்றிறன். மாறற்றிறன் கூடிய இடத்தில் அதிகமாகக் கலக்கிறார்கள். குறைந்த இடத்தைப் பெரும்பாலும் தொடாமல் விடுகிறார்கள்.

இரண்டாவது உதவி கடந்த காலம். கமெரா நகர்ந்தாலும், இந்தப் புள்ளி முந்திய படத்தில் எங்கே இருந்தது என்பதை இயக்கக் காவி சொல்லும். அங்கே கிடைத்த பழைய விடையில் 80 வீதத்தையும் புதிய கதிரின் விடையில் 20 வீதத்தையும் சேர்க்கிறார்கள். இவ்வாறு தொடர்ந்து செய்தால், புள்ளிக்கு ஒன்பது கதிர்கள் அனுப்பியதற்குச் சமமான பலன் கிடைக்கும். இரைச்சல் மூன்றிலொன்றாகும்.

இனித்தான் சிக்கல். மண்டபத்தில் ஒரு மாணவி நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால் மறைந்திருந்த சுவர் வெளிப்படுகிறது. அந்த இடத்துக்குக் கடந்த காலமே இல்லை. முந்திய படத்தில் அங்கே இருந்தது அவளுடைய வெள்ளைச் சீருடை. தூரத்தை ஒப்பிட்டு இதைக் கண்டுபிடித்துப் பழையதைத் தள்ளிவிடலாம். ஆனால் அவளுடைய நிழலும் தரையில் நகர்கிறதே! தரை அசையவில்லை, தூரமும் செவ்வனும் மாறவில்லை, ஆகவே பழைய விடை செல்லும் என்று கணினி நம்புகிறது. நிழல் போன இடத்தில் ஆவி போல ஒரு மங்கலான வால் தொடர்கிறது. விளக்கை அணைத்தாலும் இதே கதைதான். 5 படங்கள் கழிந்த பின்னும் பழைய வெளிச்சத்தின் 33 வீதமும், 10 படங்கள் கழிந்த பின்னும் 11 வீதமும் எஞ்சி நிற்கும்.

ஷீட்டின் குழுவினர் 2018 இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரண்டு படங்களுக்கிடையே ஒரு புள்ளி மாறித் தெரிந்தால் காரணம் எழுமாறா, உண்மையான மாற்றமா? அதை அறிய, 3 × 3 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளிக்கு, முந்திய படத்தில் பயன்படுத்திய அதே எழுமாற்று எண்களைக் கொண்டு புதிய காட்சியில் மீண்டும் கதிரை அனுப்புகிறார்கள். தாயக்கட்டை இரண்டு தடவையும் ஒரே மாதிரி விழச் செய்தால், விடை மாறுவதற்குக் காட்சி மாறியதே காரணமாக இருக்க முடியும். மாற்றம் தெரிந்த இடத்தில் பழையதைக் கைவிட்டுப் புதியதை ஏற்கிறார்கள். 1997 இல் வெளிவந்த குவேக் 2 விளையாட்டை முழுவதும் கதிர்ப்பாதைகளால் 2019 இல் மீள அமைத்தபோது இம்முறை கைகொடுத்தது.

2023 முதல், பயிற்றப்பட்ட நரம்பு வலையமைப்புகளும் விளையாட்டுகளில் இவ்வேலையைச் செய்கின்றன. படம் மேலும் அழகாக வருகிறது. இங்கேதான் மாணவிகளுக்கு நாம் முக்கியமாக ஒன்று சொல்ல விரும்புகிறோம். இரைச்சல் நிறைந்த படம் தனக்குப் போதிய அளவு தெரியாது என்பதைத் தானே காட்டிவிடும். வடிகட்டிய படம் அதைக் காட்டாது. பிழையான நிழலும் சரியான நிழலைப் போலவே துப்புரவாகத் தெரியும். விளையாட்டில் இதனால் பெரிய நட்டமில்லை. ஒரு வகுப்பறைக்குள் எவ்வளவு பகலொளி வரும் என்று படத்தைப் பார்த்து யன்னலின் அளவை முடிவு செய்யும் கட்டடக் கலைஞருக்கு நட்டமுண்டு. வீதியில் சிறுபிள்ளையொன்று குறுக்கே வருவதைப் போலிக் காட்சியில் காட்டிச் சாரதிகளைப் பயிற்றுவோருக்கும் நட்டமுண்டு.

ஆகவே இத்துறைக்கு வருவோர் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். வடிகட்டிய படத்தை, ஆயிரக்கணக்கான கதிர்களுடன் ஆறுதலாகக் கணித்த படத்தோடு ஒப்பிடுங்கள். அசையாத படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், விளக்கை அணைத்தும் கமெராவைத் திருப்பியும் பாருங்கள். மாறற்றிறனை எறிந்துவிடாமல் படத்தோடு சேர்த்துச் சேமியுங்கள். எந்த இடத்தை நம்பலாம் என்பதை அதுவே சொல்லும்.

விலையுயர்ந்த வரைகலை அட்டை இல்லையே என்று எவரும் தயங்க வேண்டாம். ஒரு கோளம், ஒரு தரை, ஒரு விளக்கு ஆகியவற்றுக்கான நிரலைச் சில நூறு வரிகளில் எழுதலாம். பழைய மடிக்கணினியே போதும். கதிர்களை 1, 4, 16, 64 என்று கூட்டி, ஒவ்வொரு படியிலும் இரைச்சல் பாதியாவதை நீங்களே அளந்து பாருங்கள். அப்படி எழுதும் மாணவிகளுக்கு நேரம் ஒதுக்கி வழிகாட்ட, பிறநாடுகளில் இத்துறையிலும் அயல்துறைகளிலும் பணியாற்றும் எமது பழைய மாணவிகள் முன்வர வேண்டுமென்று இந்த நூற்றாண்டு வேளையில் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.