பந்தலும் கொடியும்



கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் ஒன்றினுள் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? மேகமலை அடிவாரத்தில், சண்முகா நதி அணையை அடுத்து ராயப்பன்பட்டி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் விளையும் பன்னீர் திராட்சை 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே முதலிற் கற்கால்களை வரிசையாக நடுகிறார்கள். மேலே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுகிறார்கள். அதன் பிறகுதான் கொடியைப் பந்தலில் ஏற்றுகிறார்கள். பழத்தைப் புகழ்வோர் பலர். பந்தலை நிமிர்ந்து பார்ப்போர் மிகச் சிலரே.

இன்று நான் பேச வந்ததும் ஒரு பந்தலைப் பற்றித்தான். பல்கலைக்கழகங்களில் இப்போது வலைப்பக்க வடிவமைப்பு என்பது தொடக்கநிலைப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. நான் அதனைக் கற்பிப்பவன். வடிவமைப்பு என்னும் பெயரே மாணவரைச் சிறிது ஏமாற்றிவிடுகிறது. வண்ணங்களையும் அசையும் படங்களையும் எதிர்பார்த்து அவர்கள் வகுப்புக்கு வருகிறார்கள். நானோ முதற் சில வாரங்களில் ஒரு வண்ணத்தையும் தொட விடுவதில்லை. பக்கத்திலுள்ள ஒவ்வொரு பகுதியையும் காட்டி, 'இது என்ன?' என்று மட்டும் கேட்கிறேன். இது தலைப்பா, பத்தியா, பட்டியலா, வேறொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பா? விடை கிடைத்ததும் அதற்குரிய குறிச்சொல்லை முன்னும் பின்னும் இடச் சொல்கிறேன். இக்குறிச்சொற்களின் தொகுதிக்கே எச்.டி.எம்.எல். என்று பெயர்.

இம்முறை தோன்றிய காரணத்தை அறிந்தால் இதன் அருமை விளங்கும். ஜெனீவா நகரை அடுத்த செர்ன் என்னும் அணு ஆராய்ச்சிக் கூடத்திற்குப் பல நாட்டு அறிஞர்கள் வந்து போனார்கள். ஒருவர் கணினி ஒருவகை. மற்றவர் கணினி வேறு வகை. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிப்பது பெரும்பாடாயிற்று. 1989 இல் டிம் பெர்னர்ஸ்-லீ இதற்கு ஒரு வழியை எழுதிக் கொடுத்தார்; 1991 இல் அது உலகத்தாருக்கு அறிமுகமாயிற்று. பக்கம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று கட்டளையிடுவதை விட, அதன் பகுதிகள் இன்னவை என்று சொல்லிவிடுவதே முதன்மை. தோற்றத்தை அந்தந்தக் கணினி தன் ஆற்றலுக்கேற்ப அமைத்துக்கொள்ளட்டும் என்பது அதன் உட்கருத்து. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் இக்கருவியை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. தோற்றத்தை வகுக்கும் விதிகளான சி.எஸ்.எஸ். பின்னரே வந்தது, நார்வே நாட்டவரான ஹோக்கூன் வியூம் லீ அதனை 1994 இல் முன்மொழிந்தார். முதலில் பந்தல், பிறகு கொடி என்னும் முறை வலையின் வரலாற்றிலும் இருப்பதைக் காண்கிறோம். ஜாவாஸ்கிரிப்டைப் பற்றி இங்கே நான் பேசப் போவதில்லை. அது அடுத்த பருவத்துக்கு உரியது.

எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினாலே தலைப்பு ஆகிவிடாதா என்று மாணவர் கேட்பதுண்டு. கண்ணுள்ளவனுக்கு ஆகிவிடும். கண்ணற்ற ஒருவர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளைக் கொண்டு பக்கத்தைச் செவியாற் படிக்கிறார். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் சென்று தமக்கு வேண்டியதைத் தேடுகிறார். தலைப்பு என்ற குறிச்சொல் இல்லையேல் அவர் முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து கேட்டே தீர வேண்டும். திராட்சை விலைப்பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் புகைப்படமெடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுவாரும் உளர். அழகுதான்! ஆயினும் அந்தப் படம் அவர் காதில் விழாது. சிறு கைப்பேசியில் எழுத்துகள் கடுகாய்க் குறுகும். தேடுபொறிக்கோ அது வெறும் படம்; அதிலுள்ள விலை பெரும்பாலும் எட்டாது.

தமிழர் இப்பாடத்தை வருந்திக் கற்றவர்கள். சிங்கப்பூரில் 1995 இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் வலையில் ஏறின. வலையேறிய தொடக்கத் தமிழ்ப் பக்கங்களுள் அவையும் அடங்கும். அவர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். அந்நாளைய எழுத்துரு ஒன்றில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் போய்விடும். எஞ்சிய பாதியில் நம் 247 எழுத்துகளை எங்ஙனம் அமர்த்துவது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக அமர்த்தினார்கள். சிலர் ஆங்கில எழுத்தின் இருக்கையிலேயே தமிழ் எழுத்தை உட்கார வைத்தார்கள். திரையில் 'அம்மா' என்று தோன்றும்; அடியில் இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து, கிறுக்கல்தான் எஞ்சும். இதழ்கள் தத்தமக்கென எழுத்துருக்களை வைத்துக்கொண்டு, எம் பக்கத்தைப் படிக்க இதனை இறக்கிக்கொள்க என்று வாசலிலேயே அறிவிப்பு மாட்டிய காலம் அது.

1999 இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு பொதுக் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. முடிவில் உலக மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒருங்குறியே நிலைத்தது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் எங்கும் மாறாத ஓர் எண் உண்டு. 'கெ' என்று எழுதினால் திரையில் கொம்பு முன்னே தோன்றினாலும், உள்ளே ககரமே முதலில் நிற்கும். நாம் ஒலிக்கும் முறையும் அதுவன்றோ? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் முதலில் வேறு குறியீட்டில் வெளிவந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அடியில் உண்மையான எழுத்து இருப்பதால்தான் இன்று ஒரு கல்லூரி மாணவர் பழைய நூலுக்குள் ஒரு சொல்லைத் தேடி நொடியில் எடுக்க முடிகிறது.

இனி என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ராயப்பன்பட்டியைச் சேர்ந்த மாணவர் ஒருவர், திராட்சை விற்போர் தம் ஊர், எடை, விலை ஆகியவற்றைப் பதிவதற்கான படிவம் ஒன்றைப் பயிற்சியாக அமைத்தார். பந்தலும் ஒழுங்கு, கொடியும் அழகு. ஊர்ப் பெயருக்கான பெட்டியில் 10 எழுத்துக்கு மேல் ஏற்க வேண்டாம் என்று வரம்பு வைத்திருந்தார். ராயப்பன்பட்டிக்கு எட்டே எழுத்துகள்தாமே என்று கணக்கிட்டாராம். பிழை எனதே, தமிழில் எழுத்து என்பது வேறு, கணினி எண்ணும் குறி என்பது வேறு என்பதை நான் அதுவரை வகுப்பில் சொல்லவில்லை. 'ரா' நமக்கு ஓரெழுத்து; கணினிக்கு ரகரமும் காலுமாக இரண்டு. 'ப்' என்பதோ பகரமும் புள்ளியும். இவ்வாறு எண்ணினால் ராயப்பன்பட்டிக்கு 13 குறிகள். இலக்கண முறைப்படி முன்னே இகரம் சேர்ப்பாருக்கு 14. யு.டி.எஃப்.-8 என்னும் முறையில் அதனைச் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால், 13 குறிகளுக்கு 39 பைட்டுகள் ஆகும்.

அவர் தம் ஊர்ப் பெயரைத் தட்டினார். 'ராயப்பன்பட' என்பதோடு பெட்டி வாயை மூடிக்கொண்டது. வகுப்பு சிரித்தது; அவர் சிரிக்கவில்லை. "ஐயா, எங்க ஊரை என் பக்கமே ஏற்கமாட்டேன்கிறதே" என்றார். ஆங்கிலத்தை மட்டும் மனத்திற்கொண்டு அமைத்த படிவங்களில் தமிழ்ப் பெயர்கள் இவ்வாறுதான் தலையோ வாலோ இழந்து நிற்கின்றன. சேமிப்பு அட்டையிலோ சான்றிதழிலோ அப்படி ஒரு பெயர் ஏறிவிட்டால், அதைத் திருத்த அலைய வேண்டியவர் பெயருக்கு உரியவரே.

மறுநாள் வரம்பை 15 ஆக உயர்த்திக்கொண்டு வந்தார். "காமயகவுண்டன்பட்டிக்காரர் ஒருவர் வந்தால்?" என்று கேட்டேன். அதுவும் அவ்வட்டாரத்து ஊரே. அவர் விரல் விட்டு எண்ணினார். எழுத்து பதினொன்று, குறிகளோ 17. தட்டிப் பார்த்ததில் 'காமயகவுண்டன்பட்' என்று நின்றது. அவர் ஒன்றும் பேசாமல் அந்த வரம்பையே எடுத்துவிட்டு, பக்கத்தின் முதல் வரிக்குச் சென்று, இதன் மொழி தமிழ் என்னும் குறிப்பை எழுதத் தொடங்கினார்.