வெற்றிப் பட்டியலும் மக்கள் அன்பும்



ஒரு விளையாட்டு வீரருக்கு மக்களின் அன்பு எதனால் வாய்க்கின்றது? அவர் பெற்ற வெற்றிகளாலா, போராடிய முறையினாலா? இவ்வினாவை எண்ணுங்கால், ஸ்பெயின் தேசத்துத் துவிச்சக்கர வண்டியோட்ட வீரர் அல்பேர்ட்டோ கொன்டடோர் என் நினைவுக்கு வருகின்றார்.

1982ஆம் ஆண்டு பிறந்த இவர், 2004இல் பந்தயமொன்றின் நடுவே நினைவிழந்து வீழ்ந்தார். மூளையின் இரத்தக் குழாய்களிற் பிறவிக் கோளாறு இருந்தமை தெரியவந்தது. தலையிற் சத்திரசிகிச்சை நடந்தது. அத்தகையவர் மீண்டெழுந்து, 2007இலும் 2009இலும் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பெரும் பந்தயத்தை வென்றார். இத்தாலியப் பந்தயத்தை இருமுறையும், தாய்நாட்டுப் பந்தயத்தை மும்முறையும் வென்றார்.

ஆயினும், அவர் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. 2010ஆம் ஆண்டுப் பிரான்ஸ் பந்தயத்தின்போது, தடைசெய்யப்பட்ட மருந்தொன்று மிகச் சிறிய அளவில் அவர் உடலிற் காணப்பட்டது. உண்ட இறைச்சியால் வந்தது என்றார் அவர். 2012இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. மாசுற்ற ஊட்டப்பொருளொன்றே காரணமாதல் கூடும் என்று கருதியபோதிலும், உடலிற் சேர்வனவற்றுக்கு வீரரே பொறுப்பு என்னும் விதியின்படி இரண்டாண்டுத் தடை விதித்தது. 2010ஆம் ஆண்டுப் பிரான்ஸ் வெற்றியும், 2011ஆம் ஆண்டு இத்தாலிய வெற்றியும் பறிக்கப்பட்டன.

இனி, 2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துக்கு வருவோம். தாம் ஓய்வுபெறப்போவதை இன்ஸ்டகிராம் என்னும் இணையத்தளத்தில், ஒரு காணொளி வாயிலாக அவர் நேரே மக்களிடம் அறிவித்தார். இறுதிப் பந்தயம் தாய்நாட்டிலே நடந்தது. மூன்றாம் நாளே இரண்டு நிமிடங்களுக்கு மேற் பின்தங்கினார். வெல்லும் வாய்ப்பு நழுவிற்று. ஆயினும் ஒதுங்கியிருக்கவில்லை. மலை வரும்போதெல்லாம் கூட்டத்தை விட்டுப் பாய்ந்து முன்னேற முயன்றார்.

செப்டெம்பர் 9ஆந் திகதி அங்கிலிரு மலை. பன்னிரண்டு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஏற்றம். சிலவிடங்களில் நூறு மீற்றர் செல்வதற்குள் இருபத்து மூன்று மீற்றர் உயர வேண்டும். அம்மலையுச்சியை அவரே முதலில் அடைந்தார். அடுத்து வந்தோர் பதினேழு செக்கன் பிந்தினர். முழுப் பந்தயத்தையும் வென்றவர் கிறிஸ் புரூம். கொன்டடோருக்குக் கிடைத்தது ஐந்தாமிடம். ஆனால், மிகுந்த போராட்ட வீரர் என்னும் பரிசு அவருக்கே உரியதாயிற்று.

நேயர்களே, பாடசாலை அதிபரென்ற முறையில் நான் இதனை இவ்வாறு நோக்குகின்றேன். புள்ளிப் பதிவேடு ஒன்று. மாணவன் காட்டிய முயற்சி மற்றொன்று. முயற்சியைப் பாராட்டுவதற்காகப் பதிவேட்டை அழித்தெழுதுதல் முறையன்று. பதிவேட்டிற் கறையுண்டென்று முயற்சியை மறுத்தலும் நீதியன்று. இணையத்திலோ, ஒரு சாரார் கறையை மறக்கின்றனர். மறு சாரார் கறையையன்றிப் பிறிதொன்றுங் காண்கிலர். இரண்டையும் ஒருங்கே நினைவிற் கொண்டு, அதன் பின்னரும் அன்பு செலுத்த இயலுமாயின், அதுவே உண்மையான மதிப்பாகும்.