சறுக்குமரத்தில் உரியும் பெயிண்ட்

இந்த ஜூனில் பிள்ளையை முதல்முறையாக பிளே ஸ்கூலிலோ அங்கன்வாடியிலோ விடப்போகிறீர்களா? இடத்தைப் பார்க்கப் போகும்போது கேமரா இருக்கிறதா, ஆயாம்மா இருக்கிறார்களா என்று விசாரிப்பீர்கள். அப்படியே ஒரு நிமிடம் உட்கார்ந்து, உங்கள் பிள்ளையின் உயரத்தில் இருந்து சறுக்குமரத்தின் கைப்பிடியைப் பாருங்கள். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்திருக்கிறதா?

நான் கேட்பது காரீயத்துக்காக. ஈயம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஞாபகத்துக்கு வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். பென்சில் முனையில் இருப்பதும் காரீயம் இல்லை, கிராஃபைட். காரீயம் என்பது, பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் வரவும், சீக்கிரம் காயவும் பெயிண்டில் கலக்கிற சரக்கு.

பத்து லட்சம் பங்கு பெயிண்டில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான். தொழிற்சாலைப் பெயிண்ட் அந்த விதிக்குள் வராது. இரும்பு ஊஞ்சலுக்கு எந்த டப்பாவைத் திறந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? நல்ல பெயிண்டே அடித்திருந்தாலும், அடியில் பழைய பூச்சு இருந்தால் உரியும்போது அதுவும் சேர்ந்துதான் வரும்.

உரிந்தது தூசியாகித் தரையில் கிடக்கும். பிள்ளை தவழும், கையை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போகிற காரீயத்தில் பெரியவர்கள் உடம்பில் ஏறுவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி வரைக்கும் ஏறும். பெரும்பாலும் வெளியில் எதுவும் தெரியாது. படிப்பிலும் கவனத்திலும் மெதுவாகக் கை வைக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைச் சொல்லும்போது எனக்கே மனசு பதறுகிறது.

பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். டீச்சரிடம் தன்மையாகப் பேசுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சானிடைசர் கிருமியைத்தான் கொல்லும், காரீயத்தை எடுக்காது. வண்ணம் உரிந்த கட்டைகளையும் சொப்புச் சாமான்களையும் எடுத்துவிட வேண்டும். கடையில் வாங்குகிற பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், 2021 ஜனவரியில் இருந்து அது கட்டாயம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். கேழ்வரகுக் கூழும் கீரையும் பாலும் வாரம் முழுக்கத் தட்டில் இருக்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். சந்தேகம் வலுத்தால் குழந்தை மருத்துவரிடம், இரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வெளியில் தெரிகிற அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை நிறையப் பேர் தவறாகச் செய்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு முன்னால் சறுக்குமரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். காய்ந்த பெயிண்டை அப்படித் தேய்த்தால் அத்தனையும் தூளாகிப் பறக்கும். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், சுரண்டியதை ஈரத்தோடு வாரிப் பையில் கட்ட வேண்டும், அதுவும் பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாளில். அந்த வேலை எப்போது நடக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.