காசு சேர்க்கக் காசு எங்கே?



பழங்காசு சேர்ப்பது பணக்காரர் விளையாட்டு என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படிச் சொல்பவர்கள் ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். பல ஆண்டுகள் ஜாலான் ஹார்லியில் கூடிய சந்தை அது. 'மெமரி லேன்' என்று அதற்குப் பெயர். தரையில் துணி விரித்துக் காசைக் கொட்டி வைத்திருப்பார்கள். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுகிறவர் லாரி ஓட்டுபவராக இருப்பார், காவலாளியாக இருப்பார், இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த தொழிற்சாலைப் பையனாக இருப்பார். இவர்கள் கவலை எல்லாம் ஒன்றுதான். காசு சேர்க்கக் காசு வேண்டுமே, அதற்கு எங்கே போவது? வீட்டிலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதில் சொல்ல முடியாதவர் இந்தப் பொழுதுபோக்கில் இறங்காமல் இருப்பதே நல்லது.

ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயமும் இடிபட்ட பிறகு ஈப்போவில் ஒரு தாமானில் குடியிருக்கிறார். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்தான் அவருடைய மாத வருமானம். வாடகை, பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இவர் காசு சேர்க்கலாமா? சேர்க்கலாம். நூற்றுக்கு இரண்டு என்று எடுத்து வைத்தால் மாதம் 34 ரிங்கிட், ஆண்டுக்கு 408. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். இது ஆற்றில் போடுவதும் அல்ல. ஆனால் அந்தப் பணம் கிடக்கும் டப்பா மனைவிக்கும் தெரிந்த டப்பாவாக இருக்க வேண்டும். ஒளித்து வைத்த டப்பா ஒருநாள் சண்டையில்தான் திறக்கும்.

மாதம் 34 ரிங்கிட்டில் என்ன வாங்க முடியும் என்று சிரிக்கலாம். சிரிக்கிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு நல்ல காசு கண்ணில் பட்டதும் கைமாற்று வாங்குவது, மனைவியின் சங்கிலியை அடகுக்கடைக்கு எடுத்துப் போவது, அதுவும் போதாமல் வட்டி முதலையிடம் போய் நிற்பது. சிலர் இதற்கென்றே சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஊழியர் சேமநிதியில் கை வைக்கிறவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடன் வாங்கி வாங்கிய காசு ஆல்பத்தில் இருந்தாலும் மனசுக்குள் உறுத்தும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் தவணைத் தேதிதான் கண்ணுக்குத் தெரியும்.

சிறு தொகையைப் பற்றிப் பேரா மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் தெருவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் திரட்டினார். அந்தப் பத்து வெள்ளிகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். துரைமார் கையில் இருந்த நிலத்தைப் பத்து வெள்ளியால் வாங்க முடிந்தது என்றால், ஒரு பழைய இருபது காசை வாங்க முடியாதா?

அன்று டாலரை வெள்ளி என்றார்கள். இன்றும் ரிங்கிட்டை அப்படியே சொல்கிறோம். காசில் உண்மையான வெள்ளி இருந்த காலத்துச் சொல் அது. சேகரிப்புக்குப் பணம் தேடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த மலாயாவின் பத்து காசு, இருபது காசுகளில் 1945 வரை வெள்ளி கலந்திருந்தது. 1948இல் வந்தவற்றில் வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும்தான். தலை ஒன்றுதான், ஆண்டுதான் வேறு. ஆண்டைப் படிக்கத் தெரிந்தவர் குவியலிலிருந்து சரியானதை எடுப்பார். தெரியாதவர் இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்துவிட்டு வருவார். இந்தப் பொழுதுபோக்கில் படிப்பும் ஒரு பணம்தான்.

படிப்பதற்கு நூலும் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், புரூணைக் காசுகளைப் பற்றிச் சரண் சிங் எழுதிய கலைக்களஞ்சியத்தை மலேசிய நாணயவியல் சங்கம் 1986இல் வெளியிட்டது. விலை கொடுத்து வாங்க முடியாவிட்டால் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். முதல் 34 ரிங்கிட்டைக் காசுக்குச் செலவழிக்காமல் படிப்புக்குச் செலவழித்தவர் ஏமாறுவது குறைவு. கோலாலம்பூர் போகிற நாளில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

இனி அந்த 34 ரிங்கிட்டைப் பெருக்கும் வழிக்கு வருவோம். சந்தையில் ஒரு பை கலப்புக் காசு 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 200 காசுகள். வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டிப் பார்த்தால் அவருடைய சேகரிப்புக்கு வேண்டியவை எட்டுதான். மீதி 192ஐ நாடுவாரியாகப் பிரித்து, இருபது இருபதாகச் சிறு பைகளில் போட்டால் ஒன்பது பை தேறும். புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை 7 ரிங்கிட் என்று கொடுத்தால் 63 ரிங்கிட் திரும்பி வந்துவிடும். பன்னிரண்டு காசு கையில் மிச்சம், சந்தைக்குப் போன பெட்ரோல் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். எட்டுக் காசு சும்மா வந்ததா? இல்லை. இரண்டு இரவு விளக்கடியில் உட்கார்ந்து பிரித்த கூலி அது. எல்லாப் பையும் இப்படி அமையாது. சில பைகளில் குப்பைதான் இருக்கும். அப்போது அந்த மாதம் வாங்காமல் சும்மா இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

பணமே தேவைப்படாத சேகரிப்பும் உண்டு. கையில் வருகிற சில்லறையைப் புரட்டிப் பார்ப்பது. 1967இல் வந்த நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த காசுகள், 1989இல் வந்த பம்பரமும் பட்டமும் பொறித்த காசுகள். ஒரு சென் காசு கடைக் கணக்கிலிருந்து மறைந்தது 2008 ஏப்ரலில், கணக்கை ஐந்து சென்னுக்கு நெருக்கிக் கட்டச் சொன்னபோது. கிரிஸ் கத்தி பொறித்த ஒரு ரிங்கிட் காசு 2005 டிசம்பரில் செல்லாமல் போனது. எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இவை இன்னும் கிடக்கின்றன. பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

பணத்தைச் சம்பாதிப்பதைப்போல அதை இழக்காமல் இருப்பதும் ஒரு வழிதானே? சந்தையில் பளபளவென்று கிடக்கும் பெரிய ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரையும், பிரிட்டானியா நிற்கும் வணிக டாலரையும் பார்த்தால் கை துறுதுறுக்கும். அவற்றில் போலிகள் ஏராளம். வணிக டாலர் ஏறக்குறைய 27 கிராம் எடை இருக்க வேண்டும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒரு சிறு தராசும் காந்தத் துண்டும் சட்டைப்பையில் இருந்தால் பல நூறு ரிங்கிட் மிச்சமாகும். இந்தச் சோதனையில் தேறியதெல்லாம் அசல் என்றும் அர்த்தமில்லை. இன்னொன்று, பாட்டி குத்துவிளக்கைத் துலக்கியதுபோலப் புளி போட்டுக் காசைத் துலக்காதீர்கள். பளிச்சென்று ஆகும், விலை பாதியாகும்.

கடைசியாக ஒரு டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்பில், காமுனிங், டோவன்பி என்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் இருந்து வந்த குடும்பங்களில் இப்படி ஒரு டின் இருக்கக்கூடும். துருப்பிடித்த பழைய மைலோ டின். உள்ளே சதுரமான ஒரு காசு, 1939ஆம் ஆண்டு இருபது காசு, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, நடுவில் ஓட்டை போட்ட இந்தியக் காலணா. போருக்குப் பின் ரஜூலா போன்ற கப்பலில் வந்த யாரோ ஒருவருடைய மடியில் முடிந்து வந்த காலணாவாக இருக்கும். தோட்டத்தை விட்டுக் கிளம்பிய நாளில் பழைய பேப்பர்க்காரனுக்கு எடை போட்டுக் கொடுத்த டின்களும் உண்டு.

நம் கற்பனை மனிதரின் வீட்டிலும் அந்த டின் இருக்கிறது. சந்தையில் ஒரு டாலர் அவரைக் கூப்பிடுகிறது, கையில் பணம் போதவில்லை. வியாபாரி சொல்கிறார்: "அந்த டின்னைக் கொண்டு வாங்க, கணக்குப் பார்த்துக்கலாம்." பணம் தேடும் வழிகளிலேயே மிக எளிதான வழி இது. இங்கேதான் நிற்க வேண்டும். வாழைமர நோட்டு சந்தையில் சாதாரணமானது. தொடர் எண் போட்ட ஆரம்பகால நோட்டாக இருந்தால்தான் கொஞ்சம் விலை. இருபது காசுக்கும் பெரிய தொகை வராது. ஆனால் 1930களில் தோட்டத்து ஆணின் நாட்கூலியே ஐம்பது காசை ஒட்டித்தான் இருந்தது. உலக மந்தத்தின்போது அதற்கும் கீழே போனது. பெண்ணுக்கு இன்னும் குறைவு. அப்படியானால் அந்த இருபது காசு, விடியற்காலை பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துப் பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த ஒரு பாட்டியின் அரை நாள். கடைப் பற்று, கள்ளுக்கடை, கங்காணிக் கணக்கு எல்லாம் போக மிஞ்சியது. சந்தையில் வாங்கியதைச் சந்தையில் விற்கலாம், மாற்றலாம், அது விளையாட்டு. டின்னில் இருப்பதை வாங்கிய விலை என்னவென்று யாருக்குத் தெரியும்?

டாலர் அடுத்த ஞாயிறும் இருக்கும். இல்லாவிட்டால் வேறொன்று வரும். இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை, செலவில்லாத வேலை, ஒன்று இருக்கிறது. வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே டின்னை அவர் முன்னால் கொட்டிக் கேளுங்கள்: இது யார் வைத்தது, எந்தத் தோட்டம், எந்த வருஷம்? சொல்வதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காசோடு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கசிந்து பரவிவிடும்.