தூரமும் நேரமும்



பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் என்றொரு மீனவர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன காலத்தில், "இங்கிருந்து முகத்துவாரம் எவ்வளவு தூரம்?" என்று ஒரு சிறுவனை வினவினேன். "காத்து எப்படி ஐயா?" என்று அவன் என்னையே திருப்பிக் கேட்டான். வகுப்பு நகைத்தது. ஆயினும் அவன் கேட்டது சரியே. நான் தூரத்தைக் கிலோமீட்டரால் அளந்தேன். அவன் அதனை நேரத்தால் அளந்தான்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வான்வழியே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பலில் நம் முன்னோர் நாகப்பட்டினம், பினாங்கு வழியாக அங்குச் செல்ல ஒரு வாரம் அளவு ஆயிற்று. இன்றைய விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் பறப்பதாகக் கொண்டால், மூன்றரை மணிக்கும் குறைவாகவே விடை வரும். ஆனால் ஓடுபாதையில் ஊர்வதற்கும், மேலெழுவதற்கும், இறங்குவதற்கும் நேரம் வேண்டும். ஆதலின் பயணம் நான்கு மணியளவு ஆகின்றது.

காற்றையும் மறத்தலாகாது. தென்மேற்குப் பருவக்காலத்தில் நிலத்தருகே காற்று மேற்கிலிருந்து வீசும். மிக உயரத்திலோ கிழக்கிலிருந்து கடுங்காற்று பாயும். இதனை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடீஸ்வரம். அப்பருவத்தில் சிங்கப்பூர் செல்லும் விமானத்தை அது எதிர்க்கும். சென்னைக்குத் திரும்பும் விமானத்திற்குத் துணைநிற்கும்.

கடிகாரமும் நம்மை மயக்கும். சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. காலை 10 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தவர், அங்கு இறங்கும்போது மாலை 4.30 மணியாகியிருக்கும்.

காற்றைப் பற்றிக் கேட்ட அச்சிறுவன், வளர்ந்தபின் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தான். அன்னை நோயுற்ற செய்தி எட்டியபோது, 'நான்கு மணி நேரந்தானே' என்று புறப்பாட்டை இரண்டு நாள் தள்ளிவைத்தான். பின்னர் விடுமுறை பெற வேண்டும், பயணச்சீட்டு கிடைக்க வேண்டும், நிலையத்தில் முன்கூட்டியே சென்று காத்திருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கியபின்னும் நகரின் நெரிசலைக் கடந்து, பொன்னேரி வழியாக எழுபது கிலோமீட்டருக்குக் குறையாத சாலைப் பயணம் எஞ்சியிருந்தது. அவன் ஊர் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு பொழுது கழிந்திருந்தது.

துக்கம் விசாரிக்கச் சென்ற என்னிடம் அவன் சொன்னான்: "பக்கத்துலதான் இருக்கேன்னு நெனச்சிட்டேன் ஐயா."

மாணவர்களே, விமானம் பறக்கும் நேரம் ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்திற்கு உரியது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை ஆகும் நேரத்தை நீங்களே கணக்கிடல் வேண்டும். அக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். புறப்பட வேண்டிய நாளில் புறப்படுங்கள்.